டேலண்ட் ஏஜென்சியில் நேர்காணல்: பத்து நாளில் எப்படித் தயாராவது?

லாஸ் ஏஞ்சலஸில் திரைக்கதையில் முதுகலை முடித்த ஒருவர் கேட்டிருக்கிறார்: அங்குள்ள ஒரு பெரிய டேலண்ட் ஏஜென்சியில் (நடிகர்கள், எழுத்தாளர்கள் போன்ற கலைஞர்களுக்கு வாய்ப்பு தேடித் தரும் நிறுவனம்) உதவியாளர் வேலைக்குப் பத்து நாளில் நேர்காணல். உலக சினிமா நிறையப் பார்த்திருக்கிறேன், பிடித்த இயக்குநர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன், அதை எப்படிச் சுருக்கிச் சொல்வது?

பிடித்த படங்களுக்கு ஒரு மாலை போதும். மீதி நாட்களைத் தொலைபேசிக்குக் கொடுங்கள்.

பெவர்லி ஹில்ஸில் ஓர் ஏஜென்சியில் நான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். அதன் பிறகு உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சினிமாவை நேசிக்கிறேன் என்று சொல்லாத ஒருவர்கூட அந்த அறைக்குள் வந்ததில்லை. எனவே அந்தச் சொல்லுக்கு அங்கே எடை இல்லை. எதிரில் இருப்பவர்கள் மனத்தில் ஓடும் கேள்வி வேறு: என் தொலைபேசியை இந்தப் பிள்ளையிடம் நம்பிக் கொடுக்கலாமா?

அந்த ஊரில் 'யாருடைய மேசையில் இருக்கிறாய்' என்றுதான் கேட்பார்கள். பதவியின் பெயரை யாரும் கேட்பதில்லை. மேசை என்றால் ஓர் ஏஜென்ட், அவர் பார்த்துக்கொள்ளும் நடிகர்கள் அல்லது எழுத்தாளர்கள், அவருடைய தொலைபேசி, அதைக் காக்கும் உதவியாளர், எல்லாம் சேர்ந்தது. உதவியாளரின் திரையில் காலை முதல் இரவு வரை ஒரு பட்டியல் திறந்தே இருக்கும். அழைத்தவர் யார், எத்தனை மணிக்கு, எதைப் பற்றி, எந்த எண்ணில் கிடைப்பார் என்று வரிசையாக இருக்கும். நாம் கூப்பிட்டு அவர் கிடைக்காமல் தகவல் சொல்லிவைத்திருந்தால் 'லெஃப்ட் வேர்ட்' என்று குறிக்க வேண்டும். அவர் கூப்பிட்டு நாம் இன்னும் பேசவில்லையென்றால் அது வேறு குறி. இந்த இரண்டையும் மாற்றிக் குறித்துவிட்டால், ஒரு தயாரிப்பாளர் தான் அலட்சியப்படுத்தப்பட்டதாக நினைத்து மூன்று நாள் கோபத்தில் இருப்பார். ஏஜென்டோ அவருடைய அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருப்பார். வாய்ப்பு இதற்கிடையில் வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

மாலையில் ஏஜென்ட் காரில் வீட்டுக்குப் போகும்போது அழைப்புகளை அடுத்தடுத்து இணைத்துக் கொடுப்பதை 'ரோலிங் கால்ஸ்' என்பார்கள். ஒருவரோடு பேசி முடிக்கும்போதே அடுத்தவர் இணைப்பில் காத்திருக்க வேண்டும். அந்த அழைப்புகளில் உதவியாளரும் தன் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். 'திரைக்கதையை அனுப்புங்கள், வியாழக்கிழமை படித்துவிடுகிறேன்' என்று மறுமுனையில் ஒருவர் சொன்னால், அவர்கள் விடைபெறுவதற்குள் அந்தத் திரைக்கதை அவருடைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். வெள்ளிக்கிழமைக் காலையில் நினைவூட்டும் குறிப்பும் நாட்காட்டியில் ஏறியிருக்கும். இதைச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடுவதில்லை.

எனவே முதல் பயிற்சி இது. நண்பர் ஒருவரை உட்காரவைத்து, முன்பின் கேட்டிராத பத்துப் பெயர்கள், பத்து எண்கள், ஒவ்வொன்றோடும் ஒரு வரிச் செய்தி என்று வேகமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுதுங்கள், திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் போதும்.

ஒருமுறை எங்கள் நேர்காணலுக்கு வந்த ஒரு பெண்ணிடம் நான்கு செய்திகளைப் படபடவென்று சொன்னோம். மூன்றாவதில் கையைச் சற்றே உயர்த்தி, "மன்னிக்கவும், ஸ்டீவன் என்ற பெயரில் நடுவில் வி வருமா, பி-எச் வருமா?" என்று கேட்டார். அதற்கு முன் வந்த இருவரும் கேட்காமல் தாமாகவே ஒன்றை எழுதிக்கொண்டு தலையாட்டியிருந்தார்கள். அந்தப் பெண் அறையை விட்டுப் போனதும், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த ஏஜென்ட் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று அதற்குப் பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே, திருப்பிக் கேட்காதே என்று வளர்ந்தவர்கள் நாம். புரியாவிட்டாலும் 'சரி, சரி' என்று தலையாட்டுவதை மரியாதை என்று பழகியிருக்கிறோம். அந்த மேசையில் அது ஆபத்து. ஏஜென்ட் ஒருவரோடு ஆழ்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அதைவிட முக்கியமான அழைப்பு வந்தால், அறைக்குள் போய் அவர் கண்ணுக்கு நேரே சீட்டை நீட்டத் தெரிய வேண்டும். சார், மேடம் அங்கே கிடையாது. எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் முதல் பெயர்தான். நேர்காணலுக்கு முன்பே வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் வாக்கியத்திலேயே நாக்கு தடுமாறும். உங்கள் பெயர் நீளமாக இருந்தால் வெட்கப்படாமல் ஒருமுறை நிறுத்திச் சொல்லிக்கொடுங்கள். பெயர்களைச் சரியாகச் சொல்வதே தொழிலாக உள்ளவர்கள் அவர்கள், கற்றுக்கொள்வார்கள்.

நேர்காணல் பெரும்பாலும் மூன்று கட்டமாக நடக்கும். முதலில் மனிதவளத் துறை: வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, தட்டச்சு வேகம் என்ன, நீண்ட நேரம் இருக்க முடியுமா என்பவை. இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பதற்றமில்லாமல் பேசினால் போதும். அடுத்தது, அந்த மேசையை விட்டுப் போகப்போகும் உதவியாளர். மூன்றாவதுதான் ஏஜென்ட்.

பலரும் கோட்டைவிடுவது அந்த நடுக்கட்டத்தில். எதிரில் 25 வயதுப் பையன் ஒருவன் சோர்ந்த கண்களோடு உட்கார்ந்திருப்பான். இவனிடம் என்ன இருக்கிறது என்று மெத்தனமாகப் பேசிவிடுவார்கள். அவன் தனக்குப் பதில் நல்ல ஆளைக் காட்டினால்தான் அடுத்த இடத்துக்குப் போக முடியும். தவறான ஆளைக் காட்டினால் பழியும் அவன் மேல்தான் விழும். அவன் வேண்டாம் என்றால் ஏஜென்ட் உங்களைப் பார்க்கவே மாட்டார். அவனிடம் மரியாதையாகப் பேசுங்கள், நிறையக் கேளுங்கள். ஏஜென்ட் காலையில் வந்ததும் முதலில் எதைக் கேட்பார்? எந்த அழைப்பு வந்தால் எதையும் நிறுத்திவிட்டு எடுப்பார்? இந்த மேசையில் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்காமல் நான் என் முதல் மேசையில் சேர்ந்தேன். ஓராண்டுக்குள் அங்கே நான்கு பேர் வந்து போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. காரணம் இரண்டாம் நாளே காதில் விழுந்தது: கதவு மூடியிருந்தாலும் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும் வசவு. எட்டு மாதம் தாங்கினேன். இன்று யாராவது கேட்டால், அப்படிப்பட்ட மேசைக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் தொழிலில் கடுமையான வேலை இருக்கும், அது நியாயம். அவமானம் அந்த வேலையின் பகுதி அல்ல. முன்பு இருந்தவர்கள் ஸ்டூடியோக்களிலும் தயாரிப்பு நிறுவனங்களிலும் நல்ல இடங்களில் இருக்கிறார்கள் என்றால், அந்த ஏஜென்ட் ஆட்களை வளர்த்துவிடுபவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி, தெரிந்து வைத்திருக்க வேண்டியவை. மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். பேச்சில் வந்தால் விழிக்காமல் இருந்தால் போதும்.

இன்றைய ஹாலிவுட்டில் பெரிய ஏஜென்சிகள் மூன்று: சி.ஏ.ஏ., டபிள்யூ.எம்.இ., யு.டி.ஏ. வில்லியம் மோரிஸ் ஏஜென்சி 1898-இல் தொடங்கியது. அதிலிருந்து பிரிந்த ஐந்து ஏஜென்ட்டுகள் 1975-இல் சி.ஏ.ஏ.-வை ஆரம்பித்தார்கள், மைக்கேல் ஓவிட்ஸ் அவர்களில் ஒருவர். 2009-இல் வில்லியம் மோரிஸும் எண்டெவர் என்ற ஏஜென்சியும் இணைந்து டபிள்யூ.எம்.இ. ஆயின. 2022-இல் ஐ.சி.எம். என்ற இன்னொரு ஏஜென்சியை சி.ஏ.ஏ. வாங்கியது. நீங்கள் போகும் நிறுவனம் இந்த மரத்தின் எந்தக் கிளை, சிறிய தனி நிறுவனம் என்றால் அதை நிறுவியவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஹாலிவுட்டின் பெரும்புள்ளிகளான ஓவிட்ஸ், பாரி டில்லர், டேவிட் கெஃபன் மூவரும் வில்லியம் மோரிஸின் அஞ்சல் அறையில் கடிதம் பிரித்துத் தொடங்கியவர்கள். அந்தப் பெருமை இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது. சில இடங்களில் முதலில் அஞ்சல் அறையிலும் வரவேற்பிலும் போடுவார்கள். 'முதுகலை படித்துவிட்டு இதையா செய்வது' என்ற நினைப்பு முகத்தில் நிழலாடினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கெஃபன் கதையை யாராவது உற்சாகமூட்டுவதற்காக உங்களுக்குச் சொல்லக்கூடும். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றதாகப் பொய் சொல்லி 1960-களில் வேலையில் சேர்ந்தார். உண்மையைச் சொல்லும் கடிதம் அங்கிருந்து வந்தபோது, அஞ்சல் அறையில் இருந்ததால் அதை இடைமறித்து மாற்றிவிட்டார். அவரே பின்னாளில் சொன்னது இது. சுவையான கதைதான். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்க வேண்டாம். இன்று சரிபார்ப்பைத் தனி நிறுவனங்கள் செய்கின்றன. பிடிபட்டால் அந்த ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பணம் எப்படி வருகிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சியின் பங்கு பொதுவாக 10 சதவீதம். நடிகர் 1,00,000 டாலருக்கு ஒப்பந்தமானால் 10,000 டாலர் ஏஜென்சிக்கு. நடிகர் சங்கம் வகுத்த குறைந்தபட்ச ஊதியத்தில் ஒருவர் நடித்தால் அதிலிருந்து கமிஷன் எடுத்து அவருடைய கூலியைக் குறைக்கக் கூடாது. அதனால் அந்த 10 சதவீதத்தையும் தயாரிப்பாளரே சேர்த்துக் கொடுப்பார். 'ஸ்கேல் பிளஸ் டென்' என்ற சொல் காதில் விழுந்தால் இதுதான் பொருள். நடிகர்கள் பிரிவில் நேர்காணல் என்றால் இது தெரியாமல் போகக் கூடாது.

ஏஜென்டுக்கும் மேனேஜருக்கும் உள்ள வேறுபாட்டையும் கேட்பார்கள். கலிஃபோர்னியாவில் கலைஞருக்கு வேலை தேடித் தரும் தொழிலுக்கு மாநிலத் தொழிலாளர் ஆணையரிடம் உரிமம் பெற வேண்டும். ஏஜென்சிகள் உரிமம் பெற்றவை. மேனேஜர் கலைஞரின் தொழில்வாழ்க்கைக்கு ஆலோசனை சொல்பவர். உரிமமின்றி அவர் வேலை பேசி முடித்தால், அந்தக் கமிஷன் செல்லாது என்று ஆணையர் தீர்ப்பளிக்க முடியும். இன்னொன்றும் அந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது: கலைஞரைப் பிரதிநிதித்துவப்படுத்த முன்பணம் கேட்பது குற்றம். வேலைக்கு வருபவரிடம் 'பயிற்சிக் கட்டணம்' கேட்கும் இடம் எதுவும் நல்ல இடம் அல்ல. நம் பிள்ளைகள் சிலர் இதில் ஏமாந்ததைப் பார்த்ததால் சொல்கிறேன். நேர்காணல் அழைப்பில் பணம் என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் எழுத்துப் படித்தவர் என்பதால் 2019-ஐப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். எழுத்தாளர், இயக்குநர், நடிகர் என்று தன்னுடைய கலைஞர்களை ஒன்றாகக் கட்டி ஒரு தொடரை ஸ்டூடியோவிடம் கொடுத்து, அதற்கு ஸ்டூடியோவிடமிருந்தே நேரடியாகக் கட்டணம் வாங்குவது ஏஜென்சிகளின் வழக்கமாக இருந்தது. 'பேக்கேஜிங்' என்று பெயர். ஸ்டூடியோவிடம் பணம் வாங்குபவர் எழுத்தாளருக்காக எப்படி முழு மனதோடு பேரம் பேசுவார் என்று எழுத்தாளர் சங்கம் கேட்டது. அந்த ஏப்ரலில் 7,000-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் தங்கள் ஏஜென்ட்டுகளை விட்டு விலகினார்கள். ஏஜென்சிகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. பெரியவற்றில் கடைசியாக டபிள்யூ.எம்.இ. 2021 பிப்ரவரியில் கையெழுத்திட்டது. என் மனம் எழுத்தாளர்கள் பக்கம்தான். ஆனால் நேர்காணலில் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் வாதாட வேண்டியதில்லை. என்ன நடந்தது, அதன் பிறகு எழுத்தாளர் மேசைகள் மீண்டும் கமிஷனை நம்பி நிற்கின்றன என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

படிப்பதற்குத் திரைத்தொழில் செய்தித் தளங்களான டெட்லைன், வெரைட்டி, ஹாலிவுட் ரிப்போர்ட்டர். எல்லோரும் தலைப்பைப் படிக்கிறார்கள்; நீங்கள் கடைசி வரியைப் படியுங்கள். ஒரு நடிகர் ஒப்பந்தமான செய்தியின் இறுதியில் அவருடைய ஏஜென்சி எது, மேனேஜர் யார், வழக்கறிஞர் யார் என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பத்து நாளும் அந்த வரிகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐந்தாம் நாளிலேயே சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். இந்த ஏஜென்ட் அந்த மேனேஜரோடு அடிக்கடி வேலை செய்கிறார் என்று புலப்படும். நீங்கள் சந்திக்கப்போகும் ஏஜென்ட்டின் கலைஞர்கள் யார் என்பதை ஐ.எம்.டி.பி. ப்ரோ என்ற திரைத்துறைத் தகவல் தளத்தில் பார்த்து, அவர்களில் அதிகம் பிரபலமில்லாத ஒருவரின் வேலையை முழுவதும் பார்த்துவிடுங்கள். நட்சத்திரத்தைப் புகழ்பவர்கள் நூறு பேர் வருவார்கள். இப்போதுதான் மேலே வந்துகொண்டிருக்கும் ஓர் எழுத்தாளரின் தொடரைப் பார்த்து, அவருக்கு அடுத்து எப்படிப்பட்ட வாய்ப்பு பொருந்தும் என்று நீங்கள் சொன்னால் ஏஜென்ட் நிமிர்ந்து உட்காருவார். அவர் தினமும் யோசிப்பது அதைத்தான்.

எழுத்துப் பிரிவு மேசை என்றால் 'கவரேஜ்' எழுதிக் காட்டச் சொல்லலாம். திரைக்கதையைப் படித்து, ஒரு வரியில் கதை, ஒரு பக்கத்துக்குள் கதைச் சுருக்கம், பிறகு உங்கள் கருத்து, இறுதியில் மூன்று தீர்ப்புகளில் ஒன்று: வேண்டாம், பரிசீலிக்கலாம், பரிந்துரைக்கிறேன். நேரம் இல்லாதவருக்காக எழுதுகிறீர்கள் என்பது நினைவில் இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக் கட்டுரை நடையில் குறியீடு, உருவகம் என்று போகாதீர்கள். எந்தப் பக்கத்தில் கதை தளர்கிறது, எந்தப் பாத்திரத்துக்கு நல்ல நடிகர் ஆசைப்படுவார், ஏறக்குறைய எவ்வளவு செலவாகும் படம் என்று எழுதுங்கள். நடுநிலையாகத் தப்பிக்கும் 'பரிசீலிக்கலாம்' யாருக்கும் பயன்படாது.

ஐந்து ஆண்டில் என்னவாக இருக்க விரும்புகிறாய் என்ற கேள்வி உங்களுக்குச் சிக்கலானது. படித்தது திரைக்கதை. சொந்தக் கதையை என் கலைஞர்களிடம் நீட்டுவானோ என்ற பயம் ஏஜென்டுக்கு உடனே வரும். நான் எழுதுவதில்லை என்று மறைக்காதீர்கள், பட்டமே காட்டிக்கொடுத்துவிடும். எழுதுகிறேன், ஆனால் ஒரு திரைக்கதை எப்படி விலைபோகிறது, யார் எதற்கு ஆம் என்கிறார்கள் என்பதை இங்கேதான் கற்க முடியும், இந்த மேசையில் இருக்கும்வரை என் எழுத்தை யாரிடமும் காட்ட மாட்டேன் என்று சொல்லுங்கள், அதன்படியே நடந்துகொள்ளுங்கள். ஏஜென்ட் பயிற்சித் திட்டம் என்றால் மட்டும் நிலைமை வேறு: ஏஜென்ட் ஆகும் ஆசை உண்மையிலேயே இல்லாதவர் அதற்குப் போய் இன்னொருவரின் இடத்தை அடைக்கக் கூடாது.

விசாவைப் பற்றி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி, அதாவது ஓ.பி.டி., 12 மாதம், அதில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லாத பட்டத்துக்கு 24 மாத நீட்டிப்பு கிடையாது. மேசைக்கு வருபவர் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்பது ஏஜென்சிகளின் பொதுவான எதிர்பார்ப்பு. ஆக, உங்களுக்கு எத்தனை மாதம் மீதி இருக்கிறது என்பதைக் கணக்கிட்டு வையுங்கள். கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். நேர்காணலுக்கு முன்பே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு சந்திப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளம் குறைவு. வாடகைக்கும் காருக்கும் சரியாகப் போய்விடும். 2019-இல் உதவியாளர்கள் இதற்காகவே சமூக ஊடகத்தில் ஒரு பெரிய இயக்கம் நடத்தினார்கள். கலிஃபோர்னியாவில் உங்கள் பழைய சம்பளத்தை அவர்கள் கேட்கக் கூடாது. இந்த வேலையின் சம்பள வரம்பை நீங்கள் கேட்கலாம். மணிக்கணக்குக் கூலி என்றால் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, 12 மணி நேரத்துக்கு மேல் இரண்டு மடங்கு. மேலதிக நேரம் வாரத்துக்கு எவ்வளவு அனுமதிக்கிறார்கள் என்று மனிதவளத் துறையிடம் கேளுங்கள். வாங்கும் பணத்தின் உண்மையான அளவு அதில்தான் இருக்கிறது. ஏஜென்டிடம் இதைக் கேட்க வேண்டாம்.

அன்றைய தினம் கோட்டும் சூட்டும் பொருந்தும். சில இடங்களில் இப்போது தளர்ந்திருக்கிறது, என்றாலும் முதல் நாள் கூடுதலாக உடுத்துவதில் தவறில்லை. நெரிசலுக்குப் பேர்போன 405 நெடுஞ்சாலையை நம்பாமல் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். காத்திருக்கும் அறையில் கைப்பேசியைப் பார்க்காமல், வரவேற்பில் இருப்பவர் அழைப்புகளை எப்படி எடுக்கிறார் என்று கவனியுங்கள். லிஃப்டில் காதில் விழும் எந்தப் பெயரையும் வெளியே சொல்லாதீர்கள், நண்பரிடம்கூட.

அன்று மாலைக்குள் உங்களைச் சந்தித்த ஒவ்வொருவருக்கும், அந்த உதவியாளரையும் சேர்த்து, மூன்று வரியில் நன்றி எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்ப வேண்டாம். பக்கத்துப் பக்கத்து மேசைகள், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால் மனிதவளத் துறைக்கு ஒரே ஒரு முறை எழுதிக் கேளுங்கள். பிறகு மற்ற இடங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். மேசைகள் திடீரென்று காலியாகும். இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 'திங்கட்கிழமை சேர முடியுமா' என்று அழைப்பு வந்து சேர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். எனவே விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணை அதுவரை மாற்றிவிடாதீர்கள்.